விவசாயிகளுக்குச் சூழல் ஆலோசனை: எங்கிருந்து தொடங்குவது?

வேளாண் ஆலோசகராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் சிறு விலங்குகளுக்கும் இடம் தந்து, மண்ணும் நீரும் கெடாமல் நிலத்தைப் பராமரிக்கும்படி விவசாயிகளிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்பது முதல் கேள்வி. ‘விளைச்சல் குறைந்தால் அந்த நட்டத்தை யார் தாங்குவது?’ என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்பது இரண்டாவது கேள்வி.

இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறேன். விவசாயி அப்படிக் கேட்பதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நியாயமான கேள்வி அது, கணக்கோடு பதில் சொல்ல வேண்டியதும்கூட. எந்தப் பண்ணையிலும் நிலம் முழுவதும் ஒரே சீராக விளைவதில்லை. மரநிழல் விழும் ஓரம், டிராக்டர் திரும்பித் திரும்பி மண் இறுகிப்போன வயல்முனை, தண்ணீர் தேங்கி விதை அழுகும் பள்ளம், மேல்மண் கரைந்து கல் தெரியும் சரிவு, இயந்திரம் நுழைந்து திரும்ப முடியாத கூர்மூலை என்று சில பகுதிகள் எல்லாப் பண்ணைகளிலும் இருக்கும். விதை, உரம், டீசல், கூலி எல்லாம் மற்ற இடங்களைப் போலவே அங்கும் செலவாகின்றன. வரவு மட்டும் குறைவு. இந்த இடங்களில் சாகுபடி செய்வதாலேயே ஆண்டுதோறும் எவ்வளவு போகிறது என்பதை விவசாயியின் கணக்கைக் கொண்டே காட்டிவிட்டு, இயற்கைக்கான இடத்தை முதலில் அங்கே கேளுங்கள். நிலத்தையும் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்து வாசிப்பதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி என்பது என் கருத்து.

இதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் பகுதியில் ஏறத்தாழ 900 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு வணிகப் பண்ணையில், வயலோரங்களில் 8 சதவீதம் வரையிலான நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்கிப் பூச்செடிகளுக்கும் புல்லுக்கும் பறவைகளுக்கு விதை தரும் செடிகளுக்கும் விட்டு, ஆறு ஆண்டுகள் விளைச்சலை அளந்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, நிலம் குறைந்தபோதும் வயலின் மொத்த விளைச்சல் குறையவில்லை. சில பயிர்களில் கூடவும் செய்தது. அங்கே விலக்கப்பட்டவை விளைச்சல் குறைந்த ஓரங்கள் என்பதையும், பலன் ஆண்டுகள் செல்லச் செல்லத்தான் வலுப்பெற்றது என்பதையும் சேர்த்தே விவசாயியிடம் சொல்லுங்கள். முதல் பருவத்திலேயே லாபம் தெரியும் என்று ஆசை காட்டும் ஆலோசகரை இரண்டாம் பருவத்தில் யாரும் வாசலில் ஏற்றமாட்டார்கள்.

எவ்வளவு இடம் என்பதைவிட எந்த இடம் என்பது முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்து கிடைக்கிறது. மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சரிவான வயல்களில் பத்தில் ஒரு பங்கு நிலத்தை மட்டும் அந்த மண்ணுக்கே உரிய பழைய புல்வெளித் தாவரங்களுக்கு விட்டார்கள். அந்தப் பங்கை வயலின் அடிவாரத்திலும் சரிவுக்குக் குறுக்கேயும் பட்டை பட்டையாக அமைத்தார்கள். மண்ணைப் பிடித்து நிறுத்தும் திறன் 20 மடங்கும், மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகள் மூன்றரை மடங்கும், பறவை வகைகள் இரண்டு மடங்குக்குச் சற்று மேலும் கூடியதாக 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அதே பத்தில் ஒரு பங்கை மேட்டு மூலையில் ஒரு சதுரமாக ஒதுக்கியிருந்தால், வயலிலிருந்து இறங்கும் தண்ணீர் அதைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது.

ஆகவே முதல் சந்திப்புக்குத் திட்டப் படிவங்களை எடுத்துச் செல்லாதீர்கள். பண்ணையின் வரைபடம், ஒரு மண்வெட்டி, ஒரு கண்ணாடிப் பாட்டில் ஆகியவை போதும். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். வயலின் தாழ்ந்த மூலையில் வெளியேறும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, விவசாயியோடு பேசிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் அசைக்காமல் ஓரிடத்தில் வையுங்கள். மணல் உடனே அடியில் படிந்துவிடும். வண்டல் அதன்மேல் மெல்லப் படியும். மேலே கலங்கலாக நிற்பது களித்துகள். வயலைவிட்டு வெளியேறும் பாஸ்பரஸ் சத்தில் பெரும்பகுதி இந்த நுண்ணிய துகள்களோடு ஒட்டிக்கொண்டுதான் போகிறது. ஓடையில் பாசி பெருகுவதைப் பற்றி அரை மணி நேரம் விளக்குவதைவிட, தான் விலை கொடுத்து வாங்கிய உரம் பாட்டிலுக்குள் கலங்கி நிற்பதை அவரே பார்ப்பது நன்றாக மனத்தில் பதியும்.

அடுத்து மண்வெட்டி. பயிர் நிற்கும் இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைக் கட்டியாக வெட்டி எடுங்கள். அதே வயலின் ஓரத்தில், பல ஆண்டுகளாக உழப்படாத புல்தரையிலும் அதேபோல் ஒரு கட்டி எடுங்கள். மண்புழுவின் துளைகள், வேர் இறங்கிய ஆழம், உழவுக்குக் கீழே தட்டையாக இறுகிய அடுக்கு ஆகியவற்றை அவரே தொட்டுப் பார்க்கட்டும். பிறகு இரண்டிலிருந்தும் சிறு கட்டிகளை உலர்த்தி, தண்ணீர் நிரம்பிய இரண்டு கண்ணாடிக் குவளைகளில் போடுங்கள். தொடர்ந்து உழப்பட்டு வெறுமையாகக் கிடந்த மண் பெரும்பாலும் சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்து குழம்பாகிவிடும். வேரும் பூஞ்சை இழைகளும் மட்கும் சேர்ந்து பிணைத்திருக்கும் புல்தரை மண் உருக்குலையாமல் கிடக்கும். இரண்டும் ஒரே வயலின் மண், ஒரே மழையைக் கண்டவை. உழவைக் குறைப்பது, இரு பயிர்களுக்கு இடையே நிலத்தை வெறுமையாக விடாமல் மூடுபயிர் விதைப்பது, வைக்கோலையும் தட்டையையும் எரிக்காமல் மூடாக்காக விடுவது, பயிரைச் சுழற்சியில் மாற்றுவது ஆகிய வழக்கமான அறிவுரைகளை இந்தக் குவளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னால் அவற்றுக்குத் தனியாக நியாயம் கற்பிக்க வேண்டியிருக்காது.

நடந்து பார்க்கும்போது, ஏற்கெனவே இருப்பது என்ன என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பொந்து விழுந்த முதிய மரம், உரமே படாத பழைய புல்வெளி, பல வகைச் செடிகள் பின்னி வளர்ந்த உயிர்வேலி, கரை சரிந்த பழைய குட்டை ஆகியவற்றைக் காப்பாற்றுவதற்குச் செலவு மிகக் குறைவு. இழந்துவிட்டால் மீண்டும் உருவாக்கப் பல பத்தாண்டுகள் ஆகும், சிலவற்றை உருவாக்கவே முடியாது. கன்று நட்டால் படம் எடுக்கலாம், எண்ணிக்கை காட்டலாம். பழைய மரத்தை வெட்டாமல் விட்டதற்கு எந்த அறிக்கையிலும் கட்டம் இருப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, ஆலோசனைகள் பலவும் நடுவதில் தொடங்கி நடுவதிலேயே முடிந்துவிடுகின்றன.

மரம் நடுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். திறந்த புல்வெளியில் தரையில் முட்டையிடும் ஆள்காட்டி போன்ற பறவைகள், சுற்றிலும் நெடுந்தூரம் பார்வை செல்லும் இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. அங்கே மரவரிசை வைத்தால் காகத்துக்கும் பருந்துக்கும் உட்கார இடம் கிடைக்கும். தரைப் பறவைகள் அந்த வயலையே விட்டு விலகும். செடி வகைகள் நிறைந்த புல்வெளிக்கும், பாதி மட்கிய தாவரங்கள் படிந்து நீர் ஊறி நிற்கும் கரிசேற்று நிலத்துக்கும் இதே கதிதான். எந்த உயிரினத்துக்காகச் செய்கிறோம் என்று தீர்மானித்த பிறகே என்ன செய்வது என்பது வர வேண்டும்.

நீரோடைக் கரையில் புல்லும் புதருமாகச் சில மீட்டர் அகலத்துக்குப் பட்டை விடும்படி பரவலாகச் சொல்லப்படுகிறது. நல்ல அறிவுரைதான்; மேலே தவழ்ந்து வரும் மண்ணையும் அதோடு வரும் சத்தையும் அது பிடித்துக்கொள்ளும். ஆனால் வயலுக்கு அடியில் வடிகால் குழாய் பதிக்கப்பட்டிருந்தால் நைட்ரேட் கரைந்த நீர் அந்தப் பட்டைக்குக் கீழே புகுந்து நேராக ஓடையில் விழும். மேலே எத்தனை மீட்டர் புல் இருந்தாலும் பயனில்லை. குழாய் எங்கே திறக்கிறது என்று விவசாயியிடம் கேட்டு, அங்கே ஒரு சிறு சதுப்புக் குட்டை அமைத்து நீரை நின்று போகச் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

பூச்சிக்கொல்லி விஷயத்தில் சற்று விரிவாகச் சொல்கிறேன். விவசாயியின் அச்சம் அதிகமாக இருப்பதும் ஆலோசகர்கள் அவசரப்பட்டுப் பேசுவதும் இங்கேதான். இந்தோனேசியாவில் 1970களிலும் 80களிலும் நெற்பயிரைப் புகையான் என்னும் தத்துப்பூச்சி பெருமளவில் அழித்தது. மருந்துக்கு அரசு பெரும் மானியம் கொடுத்தது, விவசாயிகள் அடித்தார்கள், அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. காரணம் எளியது. புகையான் தன் முட்டைகளை நெல்லின் இலையுறைத் திசுவுக்குள் செருகி வைக்கிறது. தெளிக்கும் மருந்து அவற்றை எட்டுவதில்லை. அதே மருந்து வயலில் திரியும் சிலந்திகளையும் புகையான் முட்டைகளை உறிஞ்சும் நாவாய்ப் பூச்சிகளையும் கொன்றுவிடுகிறது. சில நாள் கழித்து முட்டை பொரித்து வரும் குஞ்சுகளைத் தின்ன வயலில் ஒருவரும் இல்லை. 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்து, அடுத்த சில ஆண்டுகளில் மானியத்தையும் நிறுத்தியது.

தடை ஒருபுறம் இருக்க, 1989 முதல் உலக உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு அங்கே நடந்த உழவர் வயல்வெளிப் பள்ளிகளை ஆலோசகர்கள் அனைவரும் ஊன்றிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 25 விவசாயிகள் ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒருமுறை வயலில் கூடினார்கள். சில நெற்குத்துகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன பூச்சி எத்தனை என்று எண்ணி, நடுவில் பயிரையும் ஒருபுறம் தீமை செய்யும் பூச்சிகளையும் மறுபுறம் அவற்றைத் தின்னும் பூச்சிகளையும் பெரிய தாளில் வரைந்து, இந்த வாரம் மருந்து தேவையா என்று அவர்களே விவாதித்து முடிவெடுத்தார்கள். சந்தேகம் வந்தால், தொட்டியில் ஒரு நெற்பயிரை வைத்து வலை போட்டு மூடி, உள்ளே இத்தனை புகையானையும் ஒரு சிலந்தியையும் விட்டு மறுநாள் காலையில் எண்ணிப் பார்த்தார்கள். யார் யாரைத் தின்றார் என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை. பயிற்றுநர் விடை சொல்லவில்லை. ‘இது என்ன பூச்சி?’ என்று கேட்டால்கூட ‘எங்கே பார்த்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தது?’ என்று திருப்பிக் கேட்பதே பயிற்றுநர்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி.

அந்த வயல்களில் பின்னர் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. பருவத் தொடக்கத்தில், புகையான் வருவதற்கு முன்பே, வயல்நீரில் மட்கும் தாவரக் கழிவை உண்டு பெருகும் கொசுவினச் சிறு ஈக்களைத் தின்றுதான் சிலந்திகள் வளர்கின்றன. பயிருக்கு நன்மையும் செய்யாத தீமையும் செய்யாத அந்த ஈக்கள் இருந்தால்தான் பின்னால் வரும் பகையை எதிர்கொள்ள ஆள் இருக்கும். பருவத்தின் முதல் நாற்பது நாளில் தெளிக்கும் ‘முன்னெச்சரிக்கை’ மருந்து ஏன் பெரிய கேடு என்பதை விவசாயிக்கு விளக்க இதைவிடத் தெளிவான காரணம் கிடைக்காது. மருந்தை அறவே விடச் சொல்லித் தொடங்காதீர்கள். எண்ணிப் பார்த்து, சேதம் மருந்துச் செலவைத் தாண்டும் நிலைக்கு வந்த பிறகே அடியுங்கள் என்று சொல்லுங்கள். எண்ணத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் குறைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

பரந்த வயல்களில் வேறொரு சிக்கல் உண்டு. தரையில் ஓடி இரைதேடும் வண்டுகளும் சிலந்திகளும் வயலோரத்துப் புல்லில் ஒதுங்கிக் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பயிர் வளரும்போது உள்ளே நடந்து வருகின்றன. வயல் பெரிதானால் அவை நடுப்பகுதியை எட்டுவதற்குள் அசுவினி முந்திக்கொள்ளும். 1980களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வயலின் நடுவே ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு வரப்பை எழுப்பி, குத்தாக வளரும் புல்லை அதில் விதைத்தார்கள். இரு முனைகளிலும் இயந்திரம் திரும்ப இடம் விட்டதால் உழவுக்குத் தடையில்லை. வரப்புகள் ஏற்கெனவே நிறைந்த சிறு வயல்களில் இந்த ஏற்பாடு தேவையே இல்லை. இருக்கும் வரப்பைச் செதுக்கிச் சுத்தமாக்காமலும் களைக்கொல்லி அடித்துக் கருக்காமலும் விட்டாலே போதும்.

இடத்துக்கு அடுத்தபடியாக வருவது காலம். நிலமே ஒதுக்காமல், செய்யும் வேலையை எப்போது, எந்த வரிசையில் செய்வது என்பதை மாற்றுவதால் மட்டும் கிடைக்கும் பயன் வியப்பூட்டக்கூடியது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் உயர்ந்த புல்லுக்குள் முட்டையிடும் கார்ன்கிரேக் என்னும் பறவை, புல் அறுக்கும் இயந்திரத்தால் அருகிப்போனது. வழக்கப்படி வயலின் வெளிவிளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்நோக்கி அறுத்தால், அறுத்த வெட்டவெளியைக் கடக்க அஞ்சும் குஞ்சுகள் நடுவில் மிஞ்சும் புல்திட்டுக்குள் ஒதுங்கி, கடைசிச் சுற்றில் கத்திக்கு இரையாகின்றன. அங்கே விவசாயிகள் அறுவடையைத் தள்ளிப்போட்டதோடு, நடுவில் தொடங்கி வெளிநோக்கி அறுக்கவும் பழகினார்கள். குஞ்சுகள் ஓரத்து மறைவுக்கு ஓடித் தப்பின. தள்ளிப்போடுவதற்கு உதவித்தொகை தேவைப்படலாம். அறுக்கும் திசையை மாற்றுவதற்குச் செலவு மிகக் குறைவு.

வானம்பாடிக்குச் செய்ததும் ஏறத்தாழ இதைப் போன்றதே. இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை, அந்தப் பறவை இரண்டாம் முறை கூடு கட்டும் காலத்தில் அடர்ந்து உயர்ந்துவிடுகிறது. குஞ்சுகளுக்கு இரைதேட அதனால் உள்ளே இறங்க முடிவதில்லை. விதைக்கும்போது சில மீட்டர் தூரம் விதைக்கருவியைத் தூக்கிவிட்டு, ஒரு ஹெக்டேருக்கு இரண்டு இடங்களில் 16 முதல் 24 சதுர மீட்டர் வரை வெற்றிடம் விடும் முறை பிரிட்டனில் கையாளப்படுகிறது. இழப்பு ஒரு ஹெக்டேரில் அரை சதவீதத்துக்கும் குறைவு. உயிர்வேலியை வெட்டுவதிலும் இதே கணக்கைப் பாருங்கள். வேலிச் செடிகள் பலவும் முந்தைய ஆண்டு வளர்ந்த கிளையில்தான் பூத்துக் காய்க்கும் என்பதால், ஆண்டுதோறும் ஒட்ட வெட்டினால் பூவும் இல்லை, பழமும் இல்லை. பண்ணையின் வேலிகளை மூன்று பகுதியாகப் பிரித்து ஆண்டுக்கு ஒன்றாக, பறவைகள் அடைகாக்கும் காலத்தைத் தவிர்த்து வெட்டினால் மூன்றில் இரண்டு பங்குக் கூலியும் மிச்சம்.

கால்நடை வளர்ப்பவரிடம் ‘மேய்க்காமல் விடுங்கள்’ என்று சொல்வது எப்போதும் சரியாக இருக்காது. அயர்லாந்தின் மேற்கில் பர்ரன் என்னும் சுண்ணாம்புப் பாறை நிலத்தில், குளிர்காலத்தில் மாடுகள் மேட்டுப் புல்லை மேய்ந்து தீர்ப்பதால்தான் வசந்தத்தில் அரிய பூச்செடிகள் தலைகாட்ட முடிகிறது. மாட்டுக் கொட்டகையும் பதப்படுத்திய தீவனமும் வந்த பிறகு மேய்ச்சல் குறைந்தது. காய்ந்த புல் படிந்தது, புதர் மூடியது, பூக்கள் குறைந்தன. 2005இல் தொடங்கிய திட்டத்தின் தொடர்ச்சியாக அங்கே ஒவ்வொரு வயலின் சூழல் நிலைக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் வழங்கி, மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பணம் தந்தார்கள். எத்தனை மாடு, எந்தத் தேதி என்று கட்டளையிடவில்லை; மதிப்பெண்ணை உயர்த்தும் வழியை விவசாயியே தேடினார். செய்த வேலைக்குப் பணம் தருவதைவிட நிலம் அடைந்த நிலைக்குப் பணம் தருவதே சிறந்தது என்று நான் கருதுவதற்கு இதுவே முக்கியக் காரணம். அத்தகைய திட்டம் இல்லாத இடத்திலும் அந்த மதிப்பெண் அட்டையின் முறையை நீங்கள் கையாளலாம். ஒரு வயலுக்கு நீங்களும் விவசாயியும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, ஏன் வேறுபடுகிறது என்று பேசிப் பாருங்கள்.

கால்நடை மருந்துகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐவர்மெக்டின் போன்ற குடற்புழு நீக்க மருந்தின் எச்சம் சாணத்தில் தங்கி, சாணத்தை மண்ணுக்குள் கொண்டுசெல்லும் வண்டுகளின் புழுக்களைக் கொல்கிறது. அந்த வண்டுகளை நம்பியிருக்கும் பறவைகளும் வௌவால்களும் அடுத்துப் பாதிக்கப்படுகின்றன. சாணத்தில் புழு முட்டைகளை எண்ணிப் பார்த்து, தேவைப்படும் விலங்குக்கு மட்டும் மருந்து கொடுத்தால் செலவும் குறையும், மருந்துக்குப் பழகிய புழுக்கள் உருவாவதும் தாமதமாகும். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணியால் தெற்காசியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் ஏறத்தாழ அழிந்தே போனதும், 2006இல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடைசெய்ததும் பலரும் அறிந்தவை. எலிமருந்தும் அப்படித்தான், விஷம் தின்று தள்ளாடும் எலியைக் கூகை எளிதாகப் பிடித்துத் தின்னும். இஸ்ரேலில் 1980கள் முதல் வயல்களில் கூகைக்குக் கூடுபெட்டிகள் வைத்து எலியைக் கட்டுப்படுத்த முயல்கிறார்கள். கூடுபெட்டி வைத்த வயலிலேயே எலிமருந்தும் வைப்பது, அழைத்த விருந்தாளிக்கு நஞ்சிட்ட சோறு பரிமாறுவதற்குச் சமம்.

பயிரை அழிக்கும், ஆட்டைத் தூக்கும் விலங்குகளைப் பற்றி விவசாயி பேசும்போது பேச்சை மாற்றாதீர்கள். வண்ணத்துப்பூச்சிக்கு இடம் விட்டால் பன்றியும் வந்து படுக்குமே என்று அவர் கேட்டால், அடர்ந்த புதர் வயலை ஒட்டியிருந்தால் வரலாம் என்பதே உண்மையான பதில். அப்படிப்பட்ட ஊர்களில் மறைவுக்கு இடம் தராத குட்டையான புல்லும் பூச்செடியும் கொண்ட ஓரங்களைச் சொல்லுங்கள்; புதரை வயலிலிருந்து தள்ளி வையுங்கள். கென்யாவில் தேன்கூட்டுப் பெட்டிகளை ஏறத்தாழ 10 மீட்டருக்கு ஒன்றாகக் கம்பியில் கோத்து வேலியாக்கி யானைகளைத் திருப்புகிறார்கள், தேனும் வருமானமாகிறது. நமீபியாவில் 1994 முதல் மந்தைக் காவல் நாய்களை விவசாயிகளுக்கு வளர்த்துக் கொடுத்ததால் சிவிங்கிப்புலிகளை (சீட்டா) சுடுவது குறைந்தது. எந்த முறையும் எல்லா விலங்கையும் எல்லா இரவிலும் தடுப்பதில்லை. இழப்பீடு பெற என்ன பதிவு வேண்டும், யாரிடம் எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விவரத்தைக் கையில் வைத்திருப்பது அந்த நேரத்தில் மற்ற எல்லா அறிவுரைகளையும்விட மதிக்கப்படும்.

ஒரு பண்ணையின் எல்லைக்குள் முடிந்துவிடும் வேலையும் அல்ல இது. கோஸ்டாரிகாவின் ஒரு காப்பித் தோட்டத்தில், காட்டுத் துண்டிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டருக்குள் இருந்த செடிகளில் விளைச்சல் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது 2004இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. காட்டில் வாழும் தேனீக்களே காரணம். பக்கத்து நிலத்துக்காரரின் காடு உங்கள் விவசாயியின் விளைச்சலாகவும், இவருடைய வேலி அவருடைய தேனீயாகவும் ஆகலாம். ஆகவே ஓடையின் ஒரே கரையில் இருக்கும் நான்கைந்து பேரைச் சேர்த்துப் பேச முடிந்தால், தனித்தனியே பத்துப் பேரைச் சந்திப்பதைவிட அதற்கே நேரம் ஒதுக்குங்கள். அவர்களில் மற்றவர்கள் மதிக்கும் விவசாயி யார் என்று கண்டுபிடித்து, முதல் சோதனையை அவருடைய சாலையோர வயலில் செய்யச் சொல்லுங்கள். மற்றவர்கள் போகும்போதும் வரும்போதும் பார்ப்பார்கள்.

உதவித்தொகைத் திட்டம் இருந்தால் அதன் நிபந்தனைகளை முழுவதும் படித்துவிட்டே பரிந்துரையுங்கள்; எத்தனை ஆண்டு ஒப்பந்தம், இடையில் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, குத்தகை நிலமாக இருந்தால் நில உரிமையாளரின் ஒப்புதல் வேண்டுமா என்ற மூன்றும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். குத்தகைக்காலம் இரண்டு ஆண்டு மட்டுமே உள்ளவரிடம் உயிர்வேலி வைக்கச் சொல்வது வீண். மூடுபயிரும் வெட்டும் காலத்தை மாற்றுவதும் அவருக்குப் பொருந்தும்.

சந்திப்பு முடிந்ததும் நாற்பது பக்க அறிக்கை வேண்டாம், யாரும் படிப்பதில்லை. ஒரு பக்க வரைபடத்தில் மூன்று இடங்களை மட்டும் குறித்து, ஒவ்வொன்றிலும் என்ன செய்வது, எந்த மாதத்தில், என்ன செலவு, இப்போது செய்வதில் எது நின்றுபோகும் என்று எழுதிக் கொடுங்கள். அதே நாளில் ஒவ்வொரு இடத்தையும் ஒரு குறிப்பிட்ட கல்லின் அருகிலோ கம்பத்தின் அருகிலோ நின்று படம் எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அங்கேயே நின்று மீண்டும் எடுக்கலாம். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் கட்டாயம் திரும்பிப் போங்கள். விதைத்த பூப்பட்டைகளில் வளமான மண்ணில் மூன்றாம் ஆண்டுக்குள் முரட்டுப் புல் மேலோங்கிப் பூச்செடிகளை அமுக்கிவிடுவது வழக்கம். பூ முடிந்து விதை சிந்திய பிறகு அறுத்து, அறுத்ததை அங்கேயே மட்கவிடாமல் வாரி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே உரமாகிப் புல்லை இன்னும் வளர்க்கும். இதை யாராவது வந்து சொல்லாவிட்டால், ‘பூ விதைத்தேன், களைதான் வந்தது’ என்று விவசாயி அந்தப் பட்டையை உழுதுவிடுவார்.